ஃபில்லட் கத்திக்கு எஃகு தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனின் நடுமுள்ளை ஒட்டியே ஓடிச் சதையை முழுத் துண்டாகப் பிரித்தெடுக்கும் ஃபில்லட் கத்தி நன்றாக வளைய வேண்டும். கையை எடுத்ததும் அதே வேகத்தில் நிமிரவும் வேண்டும். முதல் பாதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எஃகு தேடுவதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது.

‘எந்த எஃகு நன்றாக வளையும்?’ என்று கேட்பதே முதல் தவறு. ஒரு தகட்டை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது, பொருளைப் பொறுத்தவரை, அதன் யங் குணகத்தை, அதாவது நீளாமல் எதிர்க்கும் திறனின் அளவைச் சார்ந்தது. கத்திக்குப் பயன்படும் எல்லா எஃகுக்கும் அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். துவைச்சல் கொடுப்பதற்கு, அதாவது காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்குவதற்கு முன்னும் பின்னும் அதில் பெரிய மாற்றம் இருக்காது. வளைவைத் தருவது தடிமன். அகலம் மாறாமல் தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 3 மி.மீ. தகட்டில் செய்த கத்தி வளையவில்லையே என்று வேறு எஃகு தேடி அலைய வேண்டாம். 1.5 மி.மீ. தகட்டை எடுங்கள்.

இதைவிடப் பெரிய கேடு, வளைய வேண்டும் என்பதற்காக எஃகை மென்மையாக விட்டுவிடுவது. 1.5 மி.மீ. தடிமனுள்ள அலகை (கத்தியின் தகட்டுப் பகுதியை) 15 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் மேல் வளைப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் அரை சதவீதம் நீள்கிறது. அங்கே எழும் தகைவு, அதாவது ஓரலகு பரப்பில் உண்டாகும் உள் விசை, சுமார் 1,000 மெகாபாஸ்கல். பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் என்று நாம் வாங்கும் 304 வகைத் தகடு, மென்மையான நிலையில், 200 முதல் 300 மெகாபாஸ்கலுக்குள்ளேயே விட்டுக்கொடுத்து வளைந்தபடி நின்றுவிடும். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை கடினமாக்கிய அலகோ அந்தத் தகைவைத் தாங்கி நேராகத் திரும்பும். நிமிரும் திறன் கடினத்தன்மையிலிருந்து வருகிறது. அதை மிகையாக ஏற்றினால் அலகு முறியும் என்பதால்தான் இந்த எல்லை.

304, 316 இரண்டையும் எவ்வளவு சூடாக்கிக் குளிர்வித்தாலும் கடினமாக்க முடியாது. இவற்றில் காந்தம் ஒட்டாது என்று நம்பி, காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குவதும் முழுப் பாதுகாப்பு தராது. 430 வகைத் தகட்டிலும் காந்தம் ஒட்டும். ஆனால் கத்திக்கு வேண்டிய கடினம் அதற்கு ஏறாது. தரப்பெயரை எழுத்தில் தராத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்தது, குரோமியச் சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்குவது. துருவைத் தடுப்பது எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம். கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிட்ட குரோமியம் அந்த வேலைக்கு உதவாது. டி2 எஃகில் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் கார்பன் 1.5 சதவீதம். உப்புத் தண்ணீர் பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். 440சியில் 17 சதவீதக் குரோமியம் இருக்கிறது. துருவையும் ஓரளவு நன்றாகவே தடுக்கும். ஆனால் அதன் கார்பைடுகள் பெரியவை. மெல்லிய முனை முள்ளில் மோதி வளையும்போது விளிம்பு உதிர அவை வழி செய்கின்றன.

என்னைக் கேட்டால் ஏஇபி-எல் அல்லது 14சி28என் வாங்கச் சொல்வேன். ஏஇபி-எல் சவர பிளேடுக்காக ஸ்வீடனில் உருவான எஃகு. அதில் கார்பன் சுமார் 0.67, குரோமியம் 13 சதவீதம். கார்பைடுகள் மிக நுண்ணியவை. 14சி28என்னில் கார்பனைச் சற்றுக் குறைத்து நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள். துருவை அது இன்னும் நன்றாகத் தடுக்கும். கடலிலேயே நாள் முழுதும் கிடக்கும் கத்தி என்றால், செலவு கூடினாலும் எல்சி200என் பொருந்தும். 420எச்சி கூர்மையை விரைவில் இழக்கும் என்றாலும் தீட்டச் சுலபம்.

நல்ல எஃகை வாங்கிவிட்டு, கரி உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போடுவது அந்தக் காசைத் தண்ணீரில் போடுவதுதான். ஏஇபி-எல், 14சி28என் வகைகளுக்கு 1,050 முதல் 1,080 டிகிரி வரையிலான வெப்பம், அதில் சில நிமிடங்கள் நிலையாக நிற்பது, பிறகு இரண்டு அலுமினியப் பலகைகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்விப்பது எல்லாம் தேவை. மெல்லிய அலகு கோணிக்கொள்ளாமல் இருப்பதற்கும் அந்தப் பலகைகளே துணை. கட்டுப்பாடுள்ள உலை இல்லையென்றால் ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது டெம்பரிங் (கடினமாக்கிய அலகை மீண்டும் மிதமாகச் சூடாக்குவது) 175 முதல் 200 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். 500 டிகிரி அளவில் செய்தாலும் கடினம் கிடைக்கும். ஆனால் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து துரு எதிர்ப்பு குறைந்துவிடும்.

விளிம்பை நோக்கி அலகைத் தேய்த்துச் சாய்வு எடுக்கும் வேலையைக் கடினமாக்கிய பிறகு செய்யுங்கள். முன்பே மெலிதாக்கினால் உலையிலிருந்து அலை அலையாக வெளிவரும். தேய்க்கும்போது அலகை வெறுங்கையால் பிடித்து, சூடு பொறுக்காத கணமே தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனை நீலமாகிவிட்டால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. பிடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாகவும் விடக்கூடாது. அப்படி விட்டால் வளைவு முழுவதும் பிடியருகே குவியும். நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போனால்தான் வளைவு அலகு நெடுகப் பரவும்.

கடைசி மெருகை அலகின் நீளவாக்கில் போடுங்கள். குறுக்குக் கீறல்களில் உப்பு தங்கும். திரும்பத் திரும்ப வளையும்போது விரிசல் தொடங்குவதும் அங்கேதான்.