கவனிப்பாரற்ற டிஸ்க் கோல்ஃப் மைதானத்தில் ஆடுவது எப்படி

டிஸ்க் கோல்ஃப் என்றால், வட்டமான பிளாஸ்டிக் டிஸ்க்கை எறிந்து, கம்பத்தில் மேலே செயினும் கீழே தட்டும் உள்ள கூடைக்குள் முடிந்தவரை குறைந்த எறிகளில் விழவைக்கும் ஆட்டம். கொடைக்கானல் மாதிரி மலையில் அதை ஆட இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கிற இடமும் பெரும்பாலும் யாரோ ஆர்வத்தில் ஏழெட்டுக் கூடை நட்டுவிட்டு அப்புறம் கவனிக்க ஆளில்லாமல் விட்ட சரிவாகத்தான் இருக்கும். முழங்கால் உயரப் புல், துருப்பிடித்த செயின், டீ, அதாவது முதல் எறியை எறியும் இடம், இருந்த இடத்தில் பள்ளம், அடுத்த கூடை எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு பலகைகூட இருக்காது. பார்த்தவுடன் திரும்பிவிடாதீர்கள். ஆடும் முறையை மாற்றிக்கொண்டால் இங்கேயும் அருமையாக ஆடலாம்.

முதலில் டிஸ்க்கைக் கையில் எடுக்காமல் மைதானம் முழுக்க ஒரு நடை நடந்துவிடுங்கள். கூடை எங்கே, நடுவில் பாறையோ ஓடையோ இருக்கிறதா, கூடைக்குப் பின்னால் சரிவு எவ்வளவு தூரம் இறங்குகிறது, இதெல்லாம் டீயில் நின்று பார்த்தால் தெரியாது. புதரில் உன்னிச்செடி பரவாயில்லை, கீறலோடு போகும். காஞ்சொறி இருந்தால் அந்தப் பக்கமே டிஸ்க் போகாதபடி எறிய வேண்டும், பட்டால் அரிப்பு லேசில் போகாது. காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தால் அந்தக் கூடையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அது அசையாமல் நிற்கிறதே என்று நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள்.

நடந்து முடித்ததும் கூட ஆடுபவர்களோடு விதிகளைப் பேசிவிடுங்கள், பாதி ஆட்டத்தில் பேசினால் சண்டைதான் வரும். டீ பள்ளமாகக் கிடந்தால் பக்கத்தில் சமமான இடத்தில் இரண்டு கல் வைத்து அதையே டீ என்று எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் தொலைந்தால் தேட மூன்று நிமிடம், கிடைக்காவிட்டால் ஒரு எறி அபராதம், இது சர்வதேச விதியிலேயே இருக்கிறது. தேங்கிய மழைநீரில் டிஸ்க் விழுந்தால், கூடையிலிருந்து விலகும் திசையில் அதே நேர்கோட்டில் பின்னால் ஐந்து மீட்டருக்குள் முதலில் கிடைக்கும் நல்ல இடத்திலிருந்து அபராதமில்லாமல் எறியலாம், அதற்கும் விதி இடம் தருகிறது. தட்டு உடைந்து கம்பம் மட்டும் நிற்கும் கூடை என்றால், கம்பத்தில் பட்டால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின் வைத்த கூடையை எட் ஹெட்ரிக் 1970களில் உருவாக்குவதற்கு முன்னால் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்துத்தான் ஆடினார்கள், அதனால் அதில் குறை ஒன்றும் இல்லை.

இனி டிஸ்க். வெகுதூரம் எறியும் டிஸ்க்கான டிரைவரைப் பையிலேயே விட்டுவிடுங்கள், இது என் திடமான கருத்து. சின்ன மைதானத்தில் அந்த வேகம் தேவையே இல்லை, தவறினால் புதருக்குள் வெகுதூரம் போய்விடும். கூடையருகே எறிய ஒரு புட்டர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் போதும். ஆரஞ்சு, ரோஸ் மாதிரி பளிச்சென்ற நிறமாக இருக்கட்டும். பச்சை புல்லில் கரைந்துவிடும், வெள்ளை மூடுபனியில் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு விஷயம், கீழே சமவெளியில் பழகியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், ஊட்டி அதைவிடக் கொஞ்சம் மேலே. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் டிஸ்க்கைத் தாங்கும் விசையும் குறையும், வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி எறிந்தால் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே இடப்பக்கம் சரிந்து விழும். சென்னையில் நேராகப் போகும் அதே டிஸ்க்தான். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் மூன்றாவது, அதாவது வேகமாகப் பறக்கும்போது டிஸ்க் எவ்வளவு திரும்பும் என்று காட்டும் டர்ன், மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் இங்கே நேராகப் பறக்கும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து வழுக்கும் என்பதால் எறியும் நேரம் தவிர மற்ற நேரத்தில் டிஸ்க்கை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள், கை துடைக்க ஒரு துண்டும் வேண்டும்.

ஓடிவந்து எறியாதீர்கள். பைன் மரத்தடியில் காய்ந்த ஊசி இலை மெத்தை போட்டதுபோல் கிடக்கும், எண்ணெய் தடவின தரை மாதிரி காலை வாரிவிடும். முழங்கால் திருகிக்கொண்டால் மாதக்கணக்கில் ஆட முடியாது. முன்கால் வைக்கும் இடத்தை மட்டும் செருப்பாலோ குச்சியாலோ மண் தெரியும்வரை சுரண்டிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள். தூரம் கொஞ்சம் குறையும், குறி கூடும்.

புட்டிங்கில், அதாவது பக்கத்திலிருந்து கூடைக்குள் எறிவதில்தான் பாழடைந்த கூடை நம்மைச் சோதிக்கும். நல்ல கூடையில் செயின் உள்ளும் புறமும் இரண்டு அடுக்காகத் தொங்கி டிஸ்க்கின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பழைய கூடையில் நாலைந்து செயின் அறுந்திருக்கும், மிச்சம் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் தொங்கும். வேகமாக நேரே அடித்தால் இடைவெளி வழியே மறுபக்கம் போய்விடும், அல்லது கட்டியில் மோதித் தெறிக்கும். அதனால் மெதுவாக, கொஞ்சம் உயரமாக, டிஸ்க்கின் முன்விளிம்பைச் சற்றே தூக்கி எறிந்து டிஸ்க் தட்டுக்குள் இறங்கும்படி செய்யுங்கள். எறியும் முன் கூடையைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் செயின் அடர்த்தி என்று பாருங்கள், கால் அரைக்கால் அடி தள்ளிக் குறிவைத்தாலே வித்தியாசம் தெரியும். கூடைக்குப் பின்னால் இறக்கம் என்றால், தவறிய டிஸ்க் விளிம்பில் நின்று உருண்டு முப்பது நாற்பது அடி கீழே போய்விடும். தூரத்திலிருந்து அப்படிப்பட்ட கூடைக்கு நேரடியாக முயலவே வேண்டாம், பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த எறியில் முடியுங்கள்.

மூடுபனி இறங்கினால் ஒருவர் முன்னால் போய்க் கூடையருகே ஓரமாக நின்று குரல் கொடுக்கட்டும், டிஸ்க் விழுந்த இடத்தையும் அவரே பார்த்து வைப்பார். அவர் ஒதுங்கிவிட்டார் என்று தெரியாமல் எறியாதீர்கள். மழை மாதங்களில் சோலை ஓரம் அட்டை ஏறும், உப்போ மூக்குப்பொடியோ பையில் இருக்கட்டும்.

இடத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அடுத்த முறை ஒரு அரிவாளும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் எடுத்துப் போங்கள். அறுந்த செயினை மேல்வளையத்தில் கம்பியால் கட்ட அதிக நேரம் ஆகாது, கம்பி முனையை உள்பக்கமாக மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். டீயிலிருந்து கூடை தெரியும் அளவுக்குப் புல்லை மட்டும் அறுங்கள், சோலைக் கன்று இருந்தால் தொடாதீர்கள்.