சாத்தானைக் கதாபாத்திரமாக்குவது எப்படி? புதிதாகக் கதை எழுதுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சாத்தானை முதன்முதலாகக் கதைக்குள் கொண்டுவருகிறவர்களின் எழுத்தில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது: அவனால் எல்லாம் முடிகிறது. நினைத்த இடத்தில் தோன்றுகிறான், பூட்டிய கதவைத் திறக்கிறான், மனிதர்களைப் பொம்மைகளாக ஆட்டுவிக்கிறான். எல்லாம் முடிந்தவனைக் கண்டு வாசகர் சிறிது அஞ்சலாம். அவனைத் தொடர்ந்து கவனிக்க அவருக்குக் காரணம் எதுவும் இருக்காது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அவன் ஆட்டுவித்ததால்தான் மனிதர்கள் தவறு செய்தார்கள் என்றால், அந்தத் தவறு அவர்களுடையதாக இல்லாமல் போய்விடுகிறது. கதையும் அந்த இடத்திலேயே உயிரிழந்துவிடுகிறது. ஆகவே அவன் கைகளைக் கட்டிவிட்டு வாயை மட்டும் திறந்துவிடும் ஒரு முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

தமிழில் எழுதுகிறவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. 'பேய்' என்று எழுதிய மாத்திரத்தில் வாசகர் மனத்தில் எழுவது இறந்தவரின் ஆவியும் புளியமரமும் நடுச்சாமமும்தான். நமக்கு வேண்டியவனோ ஒருபோதும் மனிதனாக இருந்தவன் அல்லன். 'சாத்தான்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்று பொருள். விவிலியத்தில் உள்ள யோபு நூலின் எபிரேய மூலத்தில் அது ஒருவனுடைய பெயராக வருவதைவிட, விண்ணக அவையில் அவன் வகிக்கும் பொறுப்பின் பெயராகவே வருகிறது. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'பிசாசு' என்று சொல்லும் இடத்தில், பொது மொழிபெயர்ப்பு 'அலகை' என்கிறது. 850ஆம் குறளில் வள்ளுவர் ஆண்ட பழஞ்சொல் அது. இசுலாமிய மரபின் 'இப்லீஸ்' வேறொருவன்: நெருப்பால் படைக்கப்பட்ட தான், மண்ணால் படைக்கப்பட்ட முதல் மனிதரான ஆதமுக்குச் சிரம் பணிவதா என்று மறுத்தவன். அவனுடைய கதை அகந்தையின் கதை. யோபு நூலின் சாத்தானுடையது சந்தேகத்தின் கதை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மரபை வாசித்துவிட்டு எழுதுங்கள். சங்க காலப் பெயர்களில் வரும் 'சாத்தன்' இதனோடு தொடர்பில்லாத சொல் என்பதால், ஒலி ஒற்றுமையை நம்பி இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். இந்தச் சொற்களை இன்றும் நம்பிக்கையோடும் அச்சத்தோடும் உச்சரிக்கிறவர்கள் உங்கள் வாசகர்களிடையே இருப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொம்பும் குளம்பும் யோபு நூலில் இல்லை. அவை பிற்கால ஐரோப்பியக் கலை சேர்த்த அணிகள், கழற்றி வைத்துவிடலாம்.

இரண்டாம் படி: வேலையையும் எல்லையையும் வகுத்துக்கொள்ளுங்கள்

யோபு நூல், செல்வமும் பக்தியும் நிறைந்த யோபு என்பவரின் கதை. அதன் தொடக்கத்தில் சாத்தான் கேட்பது ஒரே ஒரு கேள்வி: யோபு பலன் எதுவுமின்றியா கடவுளுக்கு அஞ்சி நடக்கிறார்? இந்தக் கேள்விக்கு விடை காண அவனுக்கு அனுமதி கிடைக்கிறது, ஆனால் எல்லையோடு. முதலில் யோபுவின் உடைமைகளைத் தொடலாம், உடலைத் தொடக் கூடாது. பின்னர் உடலைத் தொடலாம், உயிரைப் பறிக்கக் கூடாது. அனுமதி பெற்று, எல்லைக்குட்பட்டு இயங்கும் ஒரு அலுவலராகச் சாத்தானைக் காணும் இந்தப் பார்வை, நவீனக் கதைக்கு மிகவும் நெருக்கமானது என்பது என் கருத்து.

பயிற்சிக்காக ஒரு கதையை உருவாக்குவோம். ஒரு சிற்றூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் 31 ஆண்டுகளாக ஒரு ரூபாய்கூடக் கைநீட்டி வாங்காதவர். அங்கே ஆண்டுத் தணிக்கைக்கு ஒருவர் வருகிறார். அவர்தான் நம் சாத்தான். இப்போது உங்கள் குறிப்பேட்டில் அவருக்கு மூன்று விதிகளை எழுதுங்கள்: பொய் சொல்ல மாட்டார், எதையும் தம் கையால் செய்ய மாட்டார், கேட்டதற்கு மேல் வற்புறுத்த மாட்டார். கதை எந்த நெருக்கடிக்கு உள்ளானாலும் இந்த விதிகளை மீறாதீர்கள்.

மூன்றாம் படி: உடலும் ஏக்கமும் கொடுங்கள்

இதை ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியிடம் கற்கலாம். 1880இல் முடிவடைந்த 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில், அந்தச் சகோதரர்களில் ஒருவனான இவானின் அறைக்கு வரும் சாத்தான், நொடித்துப்போன ஒரு கனவானைப் போல இருக்கிறான். அவனுடைய மேற்சட்டை சில ஆண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்த பாணியில் தைக்கப்பட்டது. மூட்டுவலியும் அவனுக்கு உண்டு. அவனுடைய ஆசைதான் வியப்பூட்டுவது: ஏழு பூட் எடையுள்ள, அதாவது ஏறத்தாழ 115 கிலோ எடையுள்ள, ஒரு வணிகரின் மனைவியாகப் பிறந்து, அவள் நம்புவதையெல்லாம் நம்பி, தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பது. இந்த ஓர் ஆசை அவனை நம் பக்கத்து நாற்காலியில் அமர்த்திவிடுகிறது. அவன் உண்மையில் வந்தவனா, இவானின் நோயுற்ற மனம் உண்டாக்கியவனா என்பதற்கு நாவல் உறுதியான விடை தருவதில்லை. அந்த நிச்சயமின்மை அச்சத்தைக் கூட்டுகிறது.

நம் தணிக்கையாளருக்கும் தேய்ந்த செருப்பு, நாள்பட்ட முதுகுவலி, சர்க்கரை போடாத தேநீர் என்று சில அடையாளங்களைக் கொடுக்கலாம். ஆனால் அவை மேற்பூச்சு. அவருக்கு எது இல்லை என்று கேளுங்கள். அவர் பிறந்தவர் அல்லர், ஆகவே பிறந்த தேதி இல்லை, வாரிசும் இல்லை. உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டும்போது 'வாரிசுதாரர் பெயர்' என்ற பத்தியில் அவருடைய விரல் சற்று நின்று நகரட்டும். காரணத்தை எழுதாதீர்கள்.

தமிழுக்கே உரிய ஒரு கருவியும் இங்கே உங்களுக்கு உதவும். மரபில் சாத்தான் எப்போதும் 'அவன்'. கதைசொல்லி அவனை 'அவர்' என்று குறிப்பிடத் தொடங்கியவுடன் அவன் நாம் எழுந்து நாற்காலி போடுகிற மனிதராகிவிடுகிறான். கடைசி வரி வரை 'அவர்' என்பதை மாற்றாதீர்கள். உண்மை தெரியவரும் இடத்தில் 'அவன்' என்று இறங்கினால், நீங்களே வாசகரிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டவர் ஆவீர்கள்.

நான்காம் படி: முதற்காட்சியில் கேள்வியை வையுங்கள்

ருஷ்ய எழுத்தாளர் மிகாயில் புல்காகவ் 1928இல் தொடங்கி, 1930இல் கையெழுத்துப் பிரதியை எரித்து, மீண்டும் எழுதி, 1940இல் இறக்கும் வரை திருத்திக்கொண்டிருந்த நாவல் 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்'. அது சென்சார் வெட்டுகளோடு முதலில் அச்சேறியது 1966–67இல். அதன் தொடக்கத்தில், மாஸ்கோவின் குளக்கரைப் பூங்கா ஒன்றில், கடவுள் இல்லை என்று பேசிக்கொண்டிருக்கும் இருவரிடம் வோலண்ட் என்ற அந்நியன், அதாவது அந்த நாவலின் சாத்தான், கேட்கிறான்: அப்படியானால் மனித வாழ்வை நடத்துகிறவர் யார்? மனிதனே என்று விடை வருகிறது. நாளைய தினத்துக்கே உறுதி சொல்ல முடியாதவன் எப்படி நடத்துவான் என்று வோலண்ட் திருப்பிக் கேட்கிறான். பிறகு, அன்னுஷ்கா என்பவள் சூரியகாந்தி எண்ணெயை ஏற்கெனவே வாங்கிக் கொட்டியும்விட்டாள் என்கிறான். சிறிது நேரத்தில் அந்த எண்ணெயில் வழுக்கி, இருவரில் ஒருவர் டிராம் வண்டியின் சக்கரத்தில் தலையை இழக்கிறார். வோலண்ட் அவரைத் தள்ளவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை.

நம் காட்சியில் தணிக்கையாளர் பேரேட்டைப் புரட்டி, யாருடையது என்று தெரியாத பணத்தை வைக்கும் அனாமத்துக் கணக்கில் நிறுத்துகிறார்.

"அறுபத்திரண்டாயிரம் ஒன்பது வருஷமா அனாமத்துல நிக்குதே, யார் பணம் சார்?"

"தெரியலீங்க சார். நோட்டீஸ் போட்டும் யாரும் கேட்டு வரல."

"ம். நான் இதைக் குறிப்புல எழுதல."

அவ்வளவுதான். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் காட்சி பாழ். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, அடுத்த பதிவேட்டைக் கேட்கட்டும்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தை மறைத்துவிடுங்கள்

சாத்தானுக்குத் தன் ஆன்மாவை விற்ற அறிஞனைப் பற்றி 1587இல் ஜெர்மனியில் அச்சான ஃபவுஸ்ட் கதையில் இரத்தத்தால் எழுதிய பத்திரம் உண்டு; 24 ஆண்டுத் தவணையும் உண்டு. இன்றைய கதைக்கு அந்தப் பத்திரம் தேவையில்லை. செயலாளர் அன்று மாலை வீட்டில் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே கையெழுத்து.

ஆறாம் படி: செயலை மனிதரிடம் விடுங்கள்

திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் 22ஆம் வசனத்தில், இறுதித் தீர்ப்புக்குப் பின் ஷைத்தான் (சாத்தான்) தன்னைப் பின்பற்றியவர்களிடம் பேசுகிறான். எனக்கு உங்கள்மீது அதிகாரம் ஏதும் இருக்கவில்லை, அழைத்தேன், நீங்கள் செவிசாய்த்தீர்கள். ஆகவே என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. இந்தப் பாத்திரத்தைப் பற்றி நான் வாசித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இது. எழுதும் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் இந்தச் சொற்களை நம் தணிக்கையாளர் நேர்மையாகச் சொல்ல முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால், அவர் எங்கோ கையை நீட்டியிருக்கிறார்; அந்த வரியை நீக்குங்கள்.

செயலாளர் பணத்தை எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. அவர் எடுக்காமலே இருந்து, 31 ஆண்டு நேர்மை யாரும் சோதிக்காததால் மட்டுமே நிலைத்ததோ என்ற ஐயத்தோடு ஓய்வு பெறலாம். எனக்கு இந்த முடிவே கூடுதல் வலியுள்ளதாகத் தோன்றுகிறது.

ஏழாம் படி: திருத்தும்போது அவரை வெளியே அனுப்புங்கள்

யோபு நூலில் 42 அதிகாரங்கள் உள்ளன. சாத்தான் இரண்டாம் அதிகாரத்தோடு மறைந்துவிடுகிறான், முடிவில்கூட அவன் பெயர் வருவதில்லை. உங்கள் முதல் வரைவில் தணிக்கையாளர் பத்துப் பக்கங்களுக்கு இருந்தால், இரண்டாம் வரைவில் அவரை இரண்டாம் பக்கத்திலேயே பேருந்து ஏற்றிவிடுங்கள். பிறகு அந்தப் பேரேட்டுப் பக்கத்தைச் செயலாளர் ஒரு வாரத்தில் எத்தனை முறை திறந்து பார்க்கிறார், யார் உள்ளே வரும்போது மூடுகிறார் என்பதிலிருந்து மூன்றாம் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.