வேலூர் வெயிலைப் பார்த்தவன் கேமல்பேக் ஏறும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பீனிக்ஸுக்கு வேலை மாறி வருகிற நம்மவர்கள் பலர் வந்த சூட்டோடு ஏறப் பார்க்கிற மலை கேமல்பேக். பேருக்கேற்ற மாதிரி ஊருக்கு நடுவில் ஓர் ஒட்டகம் படுத்திருப்பது போலவே இருக்கும். உச்சி 2,704 அடி, எக்கோ கேன்யன் பாதையில் போனால் ஒரு வழிக்குச் சுமார் 2 கிலோமீட்டர்தான். இந்த 2 கிலோமீட்டர் என்ற கணக்குதான் ஆளைக் கவிழ்க்கிறது, ஏனென்றால் அதற்குள் 1,200 அடிக்கு மேல் ஏற வேண்டும், கடைசிப் பகுதியில் பாதை என்றே ஒன்று இல்லை, கையும் காலும் ஊன்றிப் பாறை பாறையாகத் தாவ வேண்டியதுதான்.

"நாம பார்க்காத வெயிலா?" இதுதான் முதல் தவறு, நானும் செய்தேன். மே மாதம், காலை ஒன்பதரை மணி, கையில் அரை லிட்டர் பாட்டில். நம் ஊர் வெயிலில் வேர்வை ஊற்றும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பே போதும் நிழலுக்குப் போ என்று சொல்லிவிடும். இங்கே காற்றில் ஈரமே கிடையாது. வேர்க்கிறது, வேர்த்த மாத்திரத்தில் காய்ந்தும்விடுகிறது. பாதி வழியில் நெற்றியைத் தடவினால் சொரசொரவென்று உப்பு, கறுப்பு டீஷர்ட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. வேர்க்கவே இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் தலை கிறுகிறுத்து ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த ஒரு பாட்டி, எழுபது வயது இருக்கும், தன் தண்ணீரில் பாதியை என் பாட்டிலில் ஊற்றி, மேலே போகாதே என்றார். அவர் மேலே போனார், நான் கீழே வந்தேன்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2023 கோடையில் இந்த ஊரில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 பாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையவே இல்லை. கடும் வெப்ப எச்சரிக்கை இருக்கும் நாட்களில் இந்த மலைப் பாதையையே காலை வெயில் ஏறியதிலிருந்து மாலை 5 மணி வரை பூட்டிவிடுகிறார்கள், 2021இல் ஆரம்பித்த ஏற்பாடு அது. அதனால் கிளம்புவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருக்கிறது என்பதற்காக மதியம் ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. விடியும்போது கீழே நிற்க வேண்டும். கார் நிறுத்தும் இடமும் சிறிது, எட்டு மணிக்குப் போனால் சுற்றிச் சுற்றியே பாதி உற்சாகம் போய்விடும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும். பாதி தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள், உச்சி பத்தடியில் தெரிந்தாலும் சரி. அப்புறம் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் உப்புக் கடலையோ, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ கூட வையுங்கள், போன உப்பு திரும்ப வர வேண்டாமா?

உச்சிக்குப் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. ஒட்டகத்தின் திமில் கருங்கல், அது உதிர்ந்து பாதையெல்லாம் பொடிக்கல். கேழ்வரகு கொட்டிய தரையில் நடப்பது போல வழுக்கும். அடி தேய்ந்த ஷூவோடு வந்தவர்கள் உட்கார்ந்தே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். செங்குத்தான இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள், ஆனால் வெயில் ஏறிவிட்டால் அதைத் தொட முடியாது. போனை வெயிலில் நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தால் சூடாகி அதுவும் அணைந்துவிடும், பிறகு அவசர உதவிக்கு 911ஐ எதில் கூப்பிடுவது?

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை இங்கே கூட்டிப்போவதைத் தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன், அநியாயம். முழுக்கப் படி கட்டிய மலை இல்லை இது. அவர்களுக்குப் பாப்பாகோ பார்க்கில் இருக்கும் ஓட்டைப் பாறை போதும், சின்ன ஏற்றம்தான், அந்த ஓட்டைக்குள் உட்கார்ந்து ஊரையே பார்க்கலாம். அதுவும் முடியாதென்றால் சவுத் மவுன்டனில் டாபின்ஸ் லுக்அவுட் என்ற காட்சி முனை வரை காரிலேயே போகலாம். எங்கள் அம்மா அங்கே முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டு, இதுக்கு ஏண்டா நடந்து ஏறணும் என்று கேட்டார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சோயா (cholla) என்று ஒரு கள்ளிச்செடி, லேசாக உரசினாலே ஒரு முள்ளுருண்டை கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பை உருண்டைக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு, தெறித்துவிடும். பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.