வெளிநாட்டுக்கு இலக்கியம் படிக்கப் போற பெங்களூர் பசங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் இன்டேக்குக்குக் கெளம்பற பசங்கள்ல கம்ப்யூட்டர் சைன்ஸ்காரங்களுக்கு வழி சொல்லத் தெருவுக்கு ஒரு சீனியர் இருக்காங்க, இலக்கியம், நாடகம், பண்பாட்டு ஆய்வுன்னு போற பிள்ளைங்களுக்குத்தான் ஆள் இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, நம்ம இலக்கியத்துல ஒண்ணுமே படிக்காம ப்ளைட் ஏறறது. அல்சூர், காக்ஸ் டவுன், ஜீவன் பீமா நகர்ல வளர்ற நம்ம பிள்ளைங்க வீட்ல தமிழ் நல்லாப் பேசுவாங்க, ஆனா ஸ்கூல்ல கன்னடமும் ஹிந்தியும் படிச்சதால தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க, சில பேருக்கு அதுவும் வராது. அங்க ஷேக்ஸ்பியர் க்ளாஸ் நடுவுலயே உங்க மொழியில காதல் கவிதை எப்படி இருக்கும்னு ப்ரொபசர் சாதாரணமாக் கேப்பாங்க, சினிமாப் பாட்டைத் தாண்டி எதுவும் ஞாபகம் வராது. மைசூர்ல தமிழ் வீட்ல பிறந்த ஏ.கே. ராமானுஜன் 1962-ல சிகாகோ யுனிவர்சிட்டி லைப்ரரியோட கீழ்த்தளத்துல பழந்தமிழ் இலக்கணப் புஸ்தகம் தேடப் போய்த்தான் உ.வே.சா. 1937-ல பதிப்பிச்ச குறுந்தொகைங்கற சங்கக் காதல் பாட்டுத் தொகுப்பைக் கண்டெடுத்தார், 1967-ல அவரோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்து, தமிழ் தெரியாத எத்தனையோ பேர் சங்கப் பாட்டைப் படிச்சதே அது வழியாத்தான். அவருக்குக் கடல் தாண்டிக் கிடைச்சது உங்களுக்கு அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கம் லைப்ரரிக்குப் போனாலே கிடைக்கும். ஒரு பாட்டு நாலுலேருந்து எட்டு அடிதான், உரை இருக்கற பதிப்பா எடுங்க, எழுத்து வரலைன்னா தாத்தாவையோ அம்மாவையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டாவது கொஞ்சம் பாட்டு மனசுல ஏத்திட்டுப் போங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு இருக்கு. எதையும் படிக்காமலே நம்ம கலாச்சாரம்தான் உலகத்துலயே பழசுன்னு மொத்த இந்தியாவுக்கும் சேத்துப் பேசறது. க்ளாஸ்ல அது எடுபடாது, எடுபடவும் கூடாது. நீங்க கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. சித்ரா பௌர்ணமி ராத்திரி தர்மராய சுவாமி கோயில்லேருந்து கரகம் கெளம்பி, திகளர் சமூகத்துக்காரங்க திரௌபதியைக் கொண்டாடிட்டுப் போற அந்த ஊர்வலம் மஸ்தான் தர்காவுக்கும் போயிட்டு வருதே, மகாபாரதம் புஸ்தகத்துல மட்டும் இல்ல, தெருவுலயும் வாழுதுங்கறதுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்க கிடைக்கும்? இதிகாசம் பத்தின செமினார்ல இதைச் சொன்னா அத்தனை பேரும் நிமிந்து உக்காருவாங்க.

செமினார்னு சொன்னதும் ஞாபகம் வருது, அங்க மரியாதைன்னு நெனச்சு வாய மூடிட்டு உக்காரக்கூடாது, நீங்க படிச்சிட்டே வரலைன்னு நெனச்சுடுவாங்க. ரெண்டு வரியைக் கோடு போட்டுட்டுப் போங்க, இந்த வார்த்தை இங்க ஏன் வந்துச்சுன்னு கேளுங்க, அது போதும். கட்டுரை எழுதறப்போ கதைச்சுருக்கம், ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்புன்னு நம்ம காலேஜ் எக்ஸாம் மாதிரி பக்கத்தை நிரப்பினா மார்க் குறையும். அடுத்தவங்க கருத்தை வார்த்தை மாத்தி எழுதினாலும் யார் சொன்னதுன்னு குறிப்பிடணும், தெரியாம விட்டுட்டேன்னு சொன்னா ஏத்துக்க மாட்டாங்க.

அப்புறம் இந்த போட்டோ எடுத்துட்டுத் திரும்பற பழக்கம். லண்டன்ல 1997-ல தொறந்த குளோப் தியேட்டர் இருக்கு, 1599-ல கட்டின பழைய குளோப் மாதிரியே கட்டினது, அங்க முற்றத்துல நின்னுட்டுப் பாக்கற டிக்கெட்தான் மலிவு. மேல கூரை கிடையாது, மழை பெஞ்சாலும் குடை பிடிக்க விடமாட்டாங்க, ரெயின்கோட் எடுத்துக்குங்க. உள்ள போறதுக்கு முன்னாடி நாடகத்துல ஒரு அங்கமாவது படிங்க, அப்போதான் நடிகர் தனியாப் பேசறார்னு புக்ல படிச்ச இடத்துல அவர் முன்னாடி நிக்கற உங்களைப் பாத்துத்தான் பேசறார்னு புரியும். தெருக்கூத்துல கட்டியங்காரன் கூட்டத்தோட பேசறதைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும், ரெண்டையும் வெச்சு ஒரு கட்டுரையே எழுதலாம். பிரிட்டிஷ் மியூசியமும் அப்படித்தான், நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது, ஆந்திராவுல அமராவதி பௌத்த ஸ்தூபத்துல இருந்த சிற்பங்கள் இருக்கு. 1845-ல வால்டர் எலியட்ங்கற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டியெடுத்து மெட்ராஸுக்கு அனுப்பின கல்லுங்க எப்படி லண்டன் போச்சுன்னு கேக்காம அழகா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வர்றது பத்தாது. அமராவதிச் சிற்பங்கள் எழும்பூர் மியூசியத்துலயும் இருக்கு, ராத்திரி ட்ரெயின் ஏறினா காலைல பாத்துடலாம், போறதுக்கு முன்னாடி அதைப் பாத்துட்டுப் போங்க.

ஜெர்மனி போறவங்க கோர்ஸ் இங்கிலீஷ்லதானேன்னு மொழியை விட்டுடறாங்க, ரொம்ப வருத்தமா இருக்கும். இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவன்ல ஏ1-ங்கற ஆரம்ப நிலை முடிச்சதோட நிறுத்தாம, நடு நிலையான பி1 வரைக்கும் போங்க. ரெக்லாம்னு சின்னச் சின்ன மஞ்சள் அட்டைப் புஸ்தகம் மலிவாக் கிடைக்கும், 1867-ல வந்த அந்த வரிசையோட முதல் நம்பரே கதேயோட ஃபாவுஸ்ட் நாடகம்தான், ஒரு பக்கத்தை அகராதி வெச்சுட்டுத் தட்டுத்தடுமாறிப் படிச்சாலும் மொழிபெயர்ப்புல கிடைக்காத ஓசை காதுல விழும்.

கடைசியா லைப்ரரி. இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ஒரே வருஷம், செட்டில் ஆனப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா ஈஸ்டர் வந்துடும். மொத வாரத்துலயே உங்க யுனிவர்சிட்டி ஸ்கோனல் ஆக்சஸ்ங்கற லைப்ரரிகளோட கூட்டுத் திட்டத்துல இருக்கான்னு கேட்டுப் பதிவு பண்ணிடுங்க, அதை வெச்சு மத்த யுனிவர்சிட்டி லைப்ரரிகளுக்கும் போகலாம், லண்டன் பக்கம் இருந்தா ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக்கான சோயாஸ் (SOAS) காலேஜ் லைப்ரரியில தமிழ்ப் புஸ்தகங்களே இருக்கு.