ஒர்க்கேம்ப் அலுவலகத்தில் தன்னார்வலராகச் சேர்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒர்க்கேம்ப், அதாவது பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஓரிடத்தில் சேர்ந்து தங்கி உழைக்கும் முகாம் என்றதும் மண்வெட்டிதான் நினைவுக்கு வரும். முதல் உலகப்போரில் நொறுங்கிப்போன எஸ்ன் என்ற கிராமத்தைச் சீரமைக்க, 1920இல் சுவிட்சர்லாந்துக்காரரான பியர் செரசோலும் கூட்டாளிகளும் பிரான்ஸின் வெர்டன் பக்கம் கிளம்பிப் போன நாளிலிருந்தே அப்படித்தான். ஆனால் இரண்டு மூன்று வார முகாமுக்குப் பல நாடுகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஒரே நாளில் வந்து சேர வேண்டுமானால், அதற்குப் பல மாதம் முன்பிருந்தே யாராவது கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு வருடம் இருக்கப் போகும் அலுவலகத் தன்னார்வலரின் வேலை அதுதான். வெயிலில் சுவர் கட்டப் போகிறோம் என்று நினைத்து வந்தவர்கள் இரண்டாவது வாரமே முகம் வாடிவிடுகிறார்கள்.

அடுத்தது, காலண்டரைப் பார்க்காமல் வருவது. ஐரோப்பாவில் முகாம்கள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வசந்தத்தில் விண்ணப்பங்கள் குவியும். கோடையில் தொலைபேசி ஓயாது. இலையுதிர் காலத்தில் அறிக்கையும் கணக்கும்தான். ஆகஸ்டில் ஊர் சுற்றத் திட்டம் போட்டிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வேலை குறைவாக இருந்தால் சும்மா உட்கார்ந்து புழுங்காமல், போன வருட முகாம் அறிக்கைகளை எடுத்துப் படியுங்கள். எந்த ஊரில் சமையலறை போதவில்லை, எங்கே படுக்கை குறைந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எப்போது, எங்கே, எப்படி வந்து சேர வேண்டும் என்று முகாமுக்கு வருபவருக்கு நீங்கள் அனுப்பும் தகவல் தாளை வெறும் காகிதமாக நினைப்பது. முகாமுக்கு வருபவர் கையில் இருப்பது அந்த ஒன்றுதான். 07/08 என்று போட்டால் ஒருவர் ஆகஸ்ட் 7 என்று படிப்பார், இன்னொருவர் ஜூலை 8 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ‘ரயில் நிலையத்தில் சந்திப்போம்’ என்று மட்டும் எழுதினால், இரண்டு வாசல் உள்ள நிலையத்தில் அவர் எந்த வாசலில் நிற்பார்? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அது ஞாயிற்றுக்கிழமை ஓடுமா என்று நீங்களே அட்டவணையைத் திறந்து பாருங்கள். போன வருடத் தாளை அப்படியே நகலெடுத்து அனுப்பினால், தொலைபேசி எண் மாறியது இரவு பதினொரு மணிக்குத்தான் தெரியவரும். அழைப்புக் கடிதத்திலும் இதே கவனம் வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் விசா கவுன்ட்டரில் திண்டாடப்போவது அவர்.

விசா என்றதும் உங்கள் விசாவும் நினைவுக்கு வர வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். ஒரு வருட வேலைக்கு அதில் போய்ச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணம், நேரம் பற்றிப் பேசக் கூச்சப்படுவதும் தவறுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தன்னார்வத் திட்டமான யூரோப்பியன் சாலிடாரிட்டி கோரில் போகிற 18 முதல் 30 வயதுக்காரர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவுப் பணம் எல்லாம் உண்டு. வேலை வாரத்துக்கு 38 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது. தன்னார்வலரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. மற்ற திட்டங்களில் விதிகள் வேறு. அதனால் அறை தனியா பகிர்வா, வார விடுமுறை எந்த நாள், கோடையில் முகாம்களிலிருந்து அவசரத்துக்கு அழைக்கும் எண்ணுக்கு ராத்திரி யார் பதில் சொல்வது என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த அவசர எண்ணை முதல் மாதமே உங்கள் தலையில் கட்டினால் தயங்காமல் மறுக்கலாம்.

அப்புறம், முகாமையே பார்க்காமல் வருடத்தை முடித்துவிடாதீர்கள். சேர்ந்த முதல் கோடையிலேயே ஒரு முகாமுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கையால் எழுதிய தகவல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து பாருங்கள்.