அர்ச்சனையில் கேட்காத பதவி

சோமனூர்ப் பக்கம் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று ஒரு பையன் சொன்னதற்கு மூன்று நாள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவன் நான். என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

அர்ச்சனை செய்யும்போது பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். எத்தனை தறி, எந்தச் சங்கத்தில் என்ன பதவி என்று எந்தக் குருக்களும் இதுவரை கேட்டதில்லை. சுருக்கென்று கோபம் வரும்போது அந்த இரண்டோடு ஒன்றை மட்டும் சேர்த்து மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்: இன்ன பெயர், இன்ன நட்சத்திரம், சிவனுடைய பிள்ளை. தறிக்காரர் என்ற பட்டத்துக்குத்தான் அவமானம்; பிள்ளைக்கு இல்லை. முதல் வாரம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாக்குப் பழக நாளாகும்.

முடிந்தால் ஆனி மாதம் கோவை பேரூர் பட்டீசுவரர் கோயில் நாற்று நடவு விழாவுக்குப் போய் வாருங்கள். சுந்தரர் தேடி வந்தபோது சிவபெருமான் அம்மையோடு உழவராகி வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பது தலபுராணம். சேற்றில் நின்றவரின் பிள்ளைக்குப் பந்தியில் எந்த இலை என்றால் என்ன? போன மாதம் ஒரு விருந்தில் கடைசி இலைதான் கிடைத்தது. சந்தகை சூடாகவே இருந்தது.