ராஸ்பெர்ரி பையின் கோப்புகளைக் காப்பு நகல் எடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக் கோயிலின் வரவு செலவுக் கணக்கும், லயத்து வீடுகளில் வாங்கி ஸ்கேன் செய்த பால்மரக் காலத்துத் திருவிழாப் படங்களும் இன்று ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினிக்குள், சுண்டுவிரல் நகத்தளவு மைக்ரோ எஸ்டி அட்டையில் இருக்கின்றன. பிற்பகல் மழையோடு மின்னல் வெட்டி மின்சாரம் நின்றுபோகும் ஊரில் இது ஆபத்தான ஏற்பாடாகும். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால் அட்டையின் கோப்பு முறைமை பழுதடையலாம். போகாவிட்டாலும், திரும்பத் திரும்ப எழுதப்படுவதாலேயே அட்டை தேயும்.

இயங்குதளத்தை எப்போது வேண்டுமானாலும் புதிதாக நிறுவிக்கொள்ளலாம் என்பதால், நம் கோப்புகள் இருக்கும் ஹோம் (/home) கோப்புறையையும் அமைப்புகள் அடங்கிய எட்சி (/etc) கோப்புறையையும் நகலெடுத்தால் பெரும்பாலும் போதும். கணக்கு எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இருந்தால், இயங்கும் நிலையில் அந்தக் கோப்பை அப்படியே நகலெடுக்காமல், அதன் பேக்கப் கட்டளையால் முதலில் தனிப் பிரதி எடுக்க வேண்டும்.

நகலை எழுத யூஎஸ்பியில் செருகும் வெளி வட்டை, லினக்ஸுக்கு உரிய இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மெட் செய்வது நல்லது. ஃபேட்32 முறையில் 4 ஜிபியை எட்டும் கோப்பு அடங்காது. ராஸ்பெர்ரி பையின் இயங்குதளமான லினக்ஸ் கோப்புகளுக்கு வைத்திருக்கும் உரிமையாளர், அனுமதி விவரங்களும் அதில் நிற்பதில்லை. ராஸ்பெர்ரி பை 4 தன் யூஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர் தருவதால், சுழலும் வட்டுக்குத் தனி மின்சாரம் பெறும் ஹப் இருந்தால் நிம்மதி.

நகலெடுக்க ஆர்சிங்க் (rsync) நிரலை, அந்த விவரங்களையும் காக்கும் ஏ (-a) தெரிவுடன், நிர்வாகி உரிமை தரும் சுடோ (sudo) கட்டளையால் இயக்குங்கள். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போய்ச் சேரும். இடாவிட்டால் கோப்புறையே சென்று அமரும். மூலத்தில் இல்லாதவற்றை நகலிலும் அழிக்கும் டெலீட் (--delete) தெரிவை நான் அன்றாடம் சேர்ப்பதில்லை. மூலத்தில் தவறி அழித்த படம் மறுநாள் நகலிலிருந்தும் மறைந்துவிடும் என்பதே காரணம். சேர்த்தே ஆக வேண்டுமெனில், எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் டிரை ரன் (--dry-run) தெரிவுடன் ஒருமுறை ஓட்டி, எவை அழியப்போகின்றன என்று படித்துப் பாருங்கள்.

என்னைச் சிக்கவைத்தது வேறொன்று. அலமாரியைத் துடைத்தபோது வட்டின் கேபிள் தளர்ந்துவிட்டது. ஆர்சிங்க் அதைப் பொருட்படுத்தாமல், வட்டு வந்து பொருந்த வேண்டிய வெற்றுக் கோப்புறைக்குள், அதாவது அதே எஸ்டி அட்டைக்குள்ளேயே, மூன்று வாரம் நகலை எழுதிக்கொண்டிருந்தது. வட்டுகளில் நிரம்பிய இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையைத் தட்டியபோது வட்டுக்கு உரிய வரியே இல்லை. அட்டையின் வரியில் 100% என்றிருந்தது. அதன்பின், வட்டு பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயிண்ட் (mountpoint) கட்டளையை முன்னே வைத்து, && குறியால் ஆர்சிங்க்கை அதனுடன் இணைத்தேன். வட்டு பொருந்தியிருந்தால் மட்டுமே இப்போது நகல் தொடங்கும்.

இந்தக் கட்டளை வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் (cron) பட்டியலில் சேர்த்துவிட்டால் தினமும் தானாக ஓடும். நள்ளிரவைப் பலர் தேர்ந்தெடுப்பர். எங்கள் அலுவலகத்தில் இரவு சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உண்டு என்பதால் காலை 10 மணியை வைத்திருக்கிறேன். அணைப்பவரிடம், முதலில் கணினியை முறைப்படி ஷட்டவுன் செய்யும்படி சொல்லியாக வேண்டும். ஒரே பிளக்கில் இருப்பவற்றை ஒரே மின்னல் கருக்கிவிடக்கூடும். ஆகவே இரண்டு வட்டுகளை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தி, ஓய்வில் இருப்பதைச் செயலாளர் வீட்டில் வையுங்கள்.

மாதம் ஒருமுறை வட்டிலிருந்து சில படங்களையும் கணக்குக் கோப்பையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள். இஎக்ஸ்டி4 வட்டை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது, லினக்ஸ் கணினி வேண்டும். முழு அட்டையையும் அப்படியே ஒரே கோப்பான இமேஜாக எடுக்க விரும்பினால், ராஸ்பெர்ரி பையை நிறுத்தி, அட்டையைக் கழற்றி வேறு கணினியில் எடுங்கள். 32 ஜிபி என்று அச்சிட்ட இரண்டு அட்டைகள் உண்மையில் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. மாற்று அட்டை சற்றே சிறிதாக இருந்தால் இமேஜ் அதில் அடங்காது என்பதால், 64 ஜிபி அட்டையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.